தனியே வாழ்பவருக்குத் துணை நிற்கும் வேலை: தருமபுரி, கிருஷ்ணகிரி வீட்டுப் பராமரிப்பாளருக்கான முழு வழிகாட்டி

பிள்ளைகள் ஓசூரிலோ பெங்களூரிலோ கம்பெனி வேலையில் இருப்பார்கள். பாலக்கோட்டிலோ ஊத்தங்கரையிலோ ஓட்டு வீட்டில் எழுபத்தைந்து வயதுக்காரர் ஒருவர் தனியாக இருப்பார். பக்கவாதம் வந்து ஒரு பக்கம் சோர்ந்திருக்கும், இல்லையென்றால் முட்டி மடங்காது. பிள்ளைகள் கூப்பிட்டாலும், "அங்க வந்து நாலு சுவத்துக்குள்ள அடைஞ்சு கிடக்க மாட்டேன்" என்பார். அவரை அவர் வீட்டிலேயே, அவர் விருப்பப்படி வாழவைக்க ஓர் ஆள் தேவைப்படுகிறது. அந்த வேலைக்கான வழிகாட்டி இது.

இந்த வேலை செய்பவரை ஆயா, அட்டெண்டர், ஹோம் நர்ஸ் என்று ஆளுக்கொரு பேரில் கூப்பிடுகிறார்கள். ஹோம் நர்ஸ் என்ற பேரை மட்டும் ஒத்துக்கொள்ளாதீர்கள். நர்சிங் படித்துப் பதிவு செய்தவர்தான் நர்ஸ். பேரை ஏற்றுக்கொண்டால் அடுத்த வாரமே ஊசி போடச் சொல்வார்கள். மூத்திரக் குழாய் மாற்றுவது, மூக்குக் குழாய் செருகுவது, ஆழமான புண்ணுக்குக் கட்டுப் போடுவது, இன்சுலின் அளவைக் கூட்டிக் குறைப்பது, எந்த மாத்திரையையும் நிறுத்துவது எதுவும் உங்கள் வேலை இல்லை. குளிக்க, உடுத்த, சாப்பிட, நடக்க, கழிப்பறை போக, மாத்திரையை நேரத்துக்கு எடுக்க, கடைக்கும் கோயிலுக்கும் ஆஸ்பத்திரிக்கும் போய்வரத் துணை நிற்பதுதான் உங்கள் வேலை. இதற்கென்றே 'ஹோம் ஹெல்த் எய்டு' என்ற திறன் பயிற்சிப் படிப்பு இருக்கிறது. புதிதாக வருபவர் அதை முடித்துவிட்டு வந்தால் தூக்கும் முறையும் கைசுத்தமும் கைக்குப் பழகியிருக்கும்.

கையை எப்போது கட்டிக்கொள்வது

இந்த வேலையில் பெரும்பாலோர் செய்யும் தப்பு சோம்பேறித்தனம் அல்ல, அதிகமாகச் செய்வது. சட்டைப் பொத்தான் போட அவருக்கு ஆறு நிமிடம் ஆகும், உங்களுக்கு அரை நிமிடம். அவசரத்தில் நீங்களே போட்டுவிடுவீர்கள். இரண்டு மாதம் கழித்து அவருக்குப் பொத்தான் போட வராது. பயன்படுத்தாத தசை வயதானவருக்கு மளமளவென்று கரையும். படுத்தே கிடந்தால் சில நாளிலேயே தொடை இளைத்துவிடும்.

அதனால் ஒவ்வொரு வேலையையும் துண்டு துண்டாகப் பிரியுங்கள். பல் விளக்குவதையே எடுத்துக்கொள்ளுங்கள்: பேஸ்ட் மூடியைத் திறப்பது, பிதுக்குவது, விளக்குவது, கொப்பளிப்பது, முகம் துடைப்பது. ஒரு கை வராதவருக்கு மூடியும் பிதுக்குவதும் மட்டுமே தகராறு. அந்த இரண்டை நீங்கள் செய்தால் போதும், மீதி மூன்றும் அவருடையது. உதவியிலும் படி உண்டு. முதலில் வாயால் சொல்லுங்கள். நடக்கவில்லை என்றால் செய்து காட்டுங்கள். அதுவும் நடக்கவில்லை என்றால் அவர் கைமேல் கைவைத்து நகர்த்துங்கள். முழுக்க நீங்களே செய்வது கடைசிப் படி. சொன்னபின் பத்து விநாடியாவது காத்திருங்கள். பக்கவாதம் வந்தவருக்குச் சொல் காதில் விழுந்து கைக்குப் போகவே நேரம் பிடிக்கும்.

கேட்கும் விதமும் முக்கியம். "குளிக்கலாமா தாத்தா?" என்றால் "வேணாம்" என்று வரும். "தாத்தா, இப்ப குளிக்கறீங்களா, கூழ் குடிச்சிட்டா?" என்று கேளுங்கள். முடிவு அவர் கையில் இருக்கும், குளியலும் நடக்கும்.

முதல் நாள்: வீட்டைப் படிப்பது

வேலைக்குச் சேரும் முன் ஒரு மணி நேரம் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். அவரை நடக்கச் சொல்லிப் பின்னாலேயே போங்கள். எங்கே எதைப் பிடிக்கிறார் என்று கவனியுங்கள். கதவுப் பிடி, துணிக்கொடி, ஆடும் மேசை என்று எதைப் பிடிக்கிறாரோ அங்கெல்லாம் உறுதியான ஒரு பிடி வேண்டும் என்று அர்த்தம்.

முதல் எதிரி, வாசலில் மிதியடியாகக் கிடக்கும் சாக்கு. வழுக்கும், சுருளும், கால் மாட்டும். அன்றைக்கே எடுத்துவிடுங்கள். பழைய வீட்டு நிலைப்படிகள் உயரமாக இருக்கும். இடிக்க வேண்டியதில்லை, விளிம்பில் இரண்டு விரல் அகலத்துக்கு மஞ்சள் பெயிண்ட் அடித்தால் மங்கின கண்ணுக்கும் தெரியும். கட்டிலிலிருந்து கழிப்பறை வரை இரவு முழுக்க எரியும் சின்ன பல்பு போடச் சொல்லுங்கள்.

கயிற்றுக் கட்டில் படுக்கச் சுகம், எழுந்திருக்க எமன். நடுவில் தொய்ந்து இடுப்பு முட்டிக்குக் கீழே போய்விடும். உட்கார்ந்தால் பாதம் முழுதும் தரையில் பதிந்து முட்டி ஏறக்குறைய செங்கோணத்தில் இருக்கும் உயரம் வேண்டும். பெரும்பாலோருக்கு அது 45 முதல் 50 செ.மீ. வரும். உயர்த்துவதற்கு செங்கல்லை அடுக்கி வைக்காதீர்கள், ஒரு நாள் சரியும். ஆசாரியிடம் சொல்லி, குழி தோண்டிய மரக்கட்டை செய்து கால்களை அதில் இறக்குங்கள்.

கழிப்பறை பெரும்பாலும் கொல்லைப்பக்கம் இருக்கும். பிடித்துக்கொள்ளச் சுவரில் பதிக்க 3 முதல் 4 செ.மீ. குறுக்களவுள்ள ஜி.ஐ. பைப் போதும். ஹார்டுவேர் கடையில் வெட்டித் தருவார்கள். உயரத்தை அளந்து வைக்காதீர்கள். அவரை நிற்கச் சொல்லி, கை தொங்கும்போது மணிக்கட்டு எங்கே வருகிறதோ அங்கே கோடு போடுங்கள். துண்டு போடும் கம்பி ஆளின் எடையைத் தாங்காது, அதை நம்பவே கூடாது. நாட்டுக் கழிப்பறை என்றால் அதன்மேல் வைக்கும், நடுவில் ஓட்டையுள்ள நாற்காலி சர்ஜிகல் கடைகளில் கிடைக்கும். நான்கு காலிலும் ரப்பர் புஷ் இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொல்லுங்கள்.

மடங்காத மூட்டு: இந்த மண்ணின் விசேஷம்

இந்த இரண்டு மாவட்டத்தில் வேலை செய்பவருக்கு ஃபுளோரைடு பற்றித் தெரிந்திருக்க வேண்டும். பல பகுதிகளில் நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒரு லிட்டருக்கு 1.5 மில்லி கிராமைத் தாண்டக் கூடாது என்பது இந்திய வரம்பு. பல பத்தாண்டுகள் போர்வெல் தண்ணீரைக் குடித்தவருக்கு முதுகுத்தண்டும் கழுத்தும் இறுகி, இடுப்பு குனியாமல், முட்டி வளைந்து போயிருக்கும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் இதற்காகவே வந்தது. ஜப்பான் கடனுதவியுடன் கட்டப்பட்டு 2013-ல் செயலுக்கு வந்தது. காவிரித் தண்ணீர் வந்தபின் நோய் வராமல் தடுக்கலாம், ஏற்கெனவே இறுகின எலும்பு இளகாது.

வேலையில் இதற்கு மூன்று அர்த்தம். ஒன்று, குத்துக்கால் போட்டு உட்கார வைக்க முயலாதீர்கள், மூட்டை இழுத்து நீட்டவும் வேண்டாம். அந்த எலும்பு பார்க்கக் கெட்டியாக இருந்தாலும் முறியக்கூடியது. இரண்டு, கழுத்து திரும்பாதவரைப் பின்னாலிருந்து கூப்பிடாதீர்கள். உடம்போடு திரும்பித் தடுமாறுவார். முன்னால் வந்து பேசுங்கள். மூன்று, குடிக்கவும் சமைக்கவும் ஒகேனக்கல் தண்ணீரைத் தனிக் குடத்தில் பிடித்து வையுங்கள். கொதிக்கவைத்தால் கிருமிதான் சாகும், ஃபுளோரைடு போகாது. தண்ணீர் சுண்டச் சுண்ட அதன் செறிவு கூடவே செய்யும்.

கட்டிலிலிருந்து நாற்காலிக்கு

இது தெரியாமல் இந்த வேலைக்கு வரக் கூடாது. இரண்டு பேருடைய முதுகும் இதில்தான் அடங்கியிருக்கிறது. ஒரு பக்கம் சோர்ந்தவரைச் சக்கர நாற்காலிக்கு மாற்றும் முறை:

1. நாற்காலியை அவருடைய நல்ல பக்கம், கட்டிலுக்கு 30 முதல் 45 டிகிரி சாய்வாக வையுங்கள். இரண்டு பிரேக்கும் போட்டு, கால் பலகையை மடக்குங்கள். பிரேக் போட்டபின் நாற்காலியைத் தள்ளிப் பாருங்கள், தேய்ந்த டயரில் பிரேக் பிடிக்காது.

2. அவரைப் பக்கவாட்டில் புரட்டி, காலைக் கீழே தொங்கவிட்டு உட்கார வையுங்கள். உடனே எழுப்பாதீர்கள். ஒன்றிரண்டு நிமிடம் அப்படியே உட்காரட்டும். படுத்து எழுந்ததும் பிரஷர் சரிந்து தலை சுற்றும், பலர் விழுவது இங்கேதான்.

3. இடுப்பை மாற்றி மாற்றி நகர்த்தி விளிம்புக்கு வரச் சொல்லுங்கள். பாதம் முட்டிக்குச் சற்றுப் பின்னால் பதியட்டும். செருப்பு போட்டிருக்கட்டும், சாக்ஸ் மட்டும் போட்டால் வழுக்கும்.

4. இடுப்பில் பிடிபட்டை (நீங்கள் பிடித்துக்கொள்வதற்கான அகலமான பெல்ட்) கட்டுங்கள். வேட்டி மடிப்பையோ புடவைக் கொசுவத்தையோ பிடிப்பது கூடாது, அவிழ்ந்துவிடும். அக்குளில் கைகொடுத்துத் தூக்குவதும் சோர்ந்த கையை இழுப்பதும் அதைவிட மோசம். சோர்ந்த தோள் மூட்டைத் தசை பிடித்துவைத்திருக்காது, ஓர் இழுப்பில் நழுவிவிடும். பிறகு மாதக்கணக்கில் வலிக்கும்.

5. அவர் முன்னால், முட்டியை மடக்கி, முதுகை நிமிர்த்தி நில்லுங்கள். உங்கள் முட்டியால் அவருடைய சோர்ந்த முட்டிக்கு அண்டை கொடுங்கள். "மூக்கு முட்டிக்கு மேல வரட்டும்" என்று சொல்லி முன்னால் குனியச் சொல்லுங்கள். தலை முன்னால் வந்தால் இடுப்பு தானாக எழும்பும். பின்னால் சாய்ந்தபடி எழுப்ப நீங்கள் படும் பாடெல்லாம் வீண்.

6. ஒன்று, இரண்டு, மூன்று. அவரும் உந்த வேண்டும். நின்றதும் ஒரு மூச்சு விட்டு, சின்னச் சின்ன அடியாக இருவரும் சேர்ந்து திரும்புங்கள். இடுப்பிலிருந்து உடம்பை முறுக்காதீர்கள்.

7. இரண்டு காலின் பின்புறமும் நாற்காலியில் பட்டபின், நல்ல கையால் கைப்பிடியைத் தொட்டபின், மெல்ல இறங்கட்டும்.

கொஞ்சமும் எடை தாங்காதவரை ஓர் ஆள் இப்படி மாற்ற முடியாது. இரண்டாவது ஆள் வேண்டும், இல்லையென்றால் தூக்கும் கருவி வேண்டும். "நேத்து வந்த பொண்ணு தனியாவே தூக்கினா" என்பார்கள். அந்தப் பெண் இன்று ஏன் வரவில்லை என்று கேளுங்கள். படுக்கையில் மேலே நகர்த்த, இடுப்பின் கீழே நான்காக மடித்த கெட்டிப் போர்வையை விரித்து இருவர் இரு பக்கமும் பிடித்து இழுக்கலாம்.

குளியல், உடை

தண்ணீர் கலக்கும்போது வாளியில் முதலில் பச்சைத் தண்ணீர், பிறகு வெந்நீர். அண்டாவில் விறகு வைத்துக் காய்ச்சும் வீடுகளில் இது உயிர்ப் பிரச்சினை. நீண்டகாலச் சர்க்கரை உள்ளவருக்குக் காலில் சூடு தெரியாது, தோல் வெந்தபிறகுதான் பார்ப்போம். உங்கள் முழங்கையை விட்டுப் பாருங்கள். உள்ளங்கை காய்த்துப் போயிருக்கும், அதை நம்ப முடியாது. சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். பற்பசையும் மஞ்சளும் வேண்டாம்.

துணி, துண்டு, சோப்பு எல்லாம் கைக்கெட்டிய பின்பே அவரை உட்கார வையுங்கள். நடுவில் துண்டு எடுக்கப் போன ஒரு நிமிடத்தில்தான் விழுகிறார்கள். தேங்காயெண்ணெய் தேய்க்கும் நாளில் தரையை சோப்புப்பொடி போட்டுக் கழுவியபின்பே எழுப்புங்கள். மறைவிடத்தை முடிந்தவரை அவரே கழுவட்டும். முடியாவிட்டால் முன்னிருந்து பின்னாகக் கழுவி விடுங்கள். கழுவாத பாகங்களின்மேல் துண்டு போட்டு வையுங்கள். தளி, தேன்கனிக்கோட்டைப் பக்கம் மார்கழி, தை மாதம் குளிர் எலும்பைக் குத்தும். வெயில் ஏறினபின் குளிக்க வையுங்கள், தினமும் முழுக் குளியல் வேண்டியதில்லை. விரலிடுக்கு, மார்பின் கீழ், தொடையிடுக்கை ஒற்றி ஒற்றி ஈரம் போக்குங்கள்.

சட்டை போடும்போது சோர்ந்த கை முதலில், கழற்றும்போது நல்ல கை முதலில். இதை மாற்றிச் செய்தால் சண்டைதான். பாட்டிமார்களுக்கு முன்பக்கம் ஊக்கு வைத்த ரவிக்கையும், நாடாவுக்குப் பதில் எலாஸ்டிக் வைத்த பாவாடையும் தைத்துக் கொடுக்கச் சொல்லுங்கள். சின்ன வேலைதான், கழிப்பறைக்கு அவரே போய்வருவார்.

களியும் தண்ணீரும்

இந்தப் பக்கம் சாப்பாடு என்றால் ராகி களி. களியை மெல்லாமல் உருட்டி, குழம்பில் தோய்த்து விழுங்குவதுதான் பழக்கம். பக்கவாதம், பார்க்கின்சன் என்ற நடுக்க நோய் உள்ளவருக்கு இதுவே ஆபத்து. ஒட்டும் உருண்டை தொண்டையில் அடைத்துவிடும். அதற்காக ராகியையே நிறுத்த வேண்டாம். கெட்டியான கூழாகக் காய்ச்சி, கட்டி இல்லாமல் கலக்கி ஸ்பூனில் கொடுங்கள். இன்னொன்று, விழுங்கச் சிரமப்படுபவருக்குத் திடப்பொருளைவிடத் தண்ணீர் பல நேரம் அதிகத் தொல்லை தரும். வேகமாக ஓடி மூச்சுக்குழாய்க்குள் போகும். எந்தப் பதம் சரி என்பதை டாக்டரோ, பேச்சுக்கும் விழுங்குவதற்கும் பயிற்சி தரும் ஸ்பீச் தெரபிஸ்டோ சோதித்துச் சொல்ல வேண்டும்.

சாப்பிடும்போது முதுகு நிமிர்ந்து, முகவாய் சற்றுக் கீழே இறங்கியிருக்கட்டும். தலையை அண்ணாந்து ஊற்றும் வழக்கம் கூடாது. அரை ஸ்பூன், விழுங்கியது தெரிந்தபின் அடுத்தது. சோர்ந்த கன்னத்துக்குள் சோறு தங்கியிருக்கும், கடைசியில் வாயைத் திறந்து பாருங்கள். சாப்பிட்டபின் அரை மணி நேரம் படுக்க வைக்காதீர்கள். சாப்பிடும்போது இருமல், சாப்பிட்டதும் குரல் தொண்டையில் தண்ணீர் நிற்பதுபோல் களகளவென்று மாறுவது, அடிக்கடி காய்ச்சல் என்றால் உணவு நுரையீரலுக்குப் போகிறது என்று சந்தேகப்படுங்கள். அன்றைக்கே சொல்லுங்கள்.

ஒரு கையால் சமைக்க ஆசைப்படுபவரைத் தடுக்காதீர்கள். நறுக்கும் பலகையில் துருப்பிடிக்காத ஆணி இரண்டைக் கீழிருந்து மேலாக அடித்தால், கத்தரிக்காயை அதில் குத்தி ஒரு கையாலேயே நறுக்கலாம். தட்டின் கீழே ஈரத்துணி போட்டால் நகராது. அடுப்பை அணைத்தோமா என்பதை மட்டும் நீங்கள் பாருங்கள்.

எழுந்து போகப் பயந்து பெரியவர்கள் தண்ணீர் குடிப்பதையே குறைத்துவிடுவார்கள். பிறகு மலச்சிக்கல், மூத்திரக் கடுப்பு, குழப்பமான பேச்சு எல்லாம் வரும். ஒரு லிட்டர் பாட்டிலை நிரப்பி வைத்து, மதியத்துக்குள் அவரைக் குடித்து முடிக்க வையுங்கள். மாலை ஆறுக்கு மேல் குறைத்துக்கொள்ளலாம். இதய நோய், கிட்னி நோய் உள்ளவருக்கு டாக்டர் சொன்ன அளவுதான்.

மாத்திரை, பிரஷர், சர்க்கரை

மக்களைத் தேடி மருத்துவம் திட்டம் 2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கப்பட்டதே கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான். சர்க்கரை, பிரஷர் மாத்திரை வீட்டுக்கே வருகிறது. படுக்கையில் இருப்பவருக்கு வலி நிவாரணப் பராமரிப்பும் இயன்முறை சிகிச்சையும் அதே திட்டத்தில் உண்டு. உங்கள் வீட்டுப் பெரியவர் பட்டியலில் இருக்கிறாரா என்று கிராம சுகாதார செவிலியரிடம் கேளுங்கள்.

இங்கே ஒரு பொறி இருக்கிறது. அரசு மாத்திரை ஒரு பெயரில் வரும், ஓசூரில் மகன் காட்டிய தனியார் டாக்டர் எழுதியது வேறு கம்பெனிப் பெயரில் இருக்கும். உள்ளே இருப்பது மெட்ஃபார்மின் என்ற ஒரே சர்க்கரை நோய் மருந்து. இரண்டையும் விழுங்கிக்கொண்டிருப்பார்கள். அட்டையின் பின்னால் சிறிய எழுத்தில் இருக்கும் மருந்துப் பெயரைத் தாளில் எழுதுங்கள். ஒரே பெயர் இரண்டு முறை வந்தால், நீங்களே நிறுத்தாமல், டாக்டருக்கு உடனே போன் போடச் சொல்லுங்கள். ஏழு நாள் டப்பாவை அவரையே உட்காரவைத்து அடுக்க வைத்து, நீங்கள் சரிபாருங்கள்.

பிரஷர் பார்க்கும் முன் ஐந்து நிமிடம் சும்மா உட்காரட்டும். கால் தரையில், கால்மேல் கால் கூடாது, முதுகு சாய்ந்து, கை நெஞ்சு மட்டத்தில், பட்டை வெறும் தோலில். மூத்திரத்தை அடக்கிக்கொண்டிருந்தாலும் அரை மணிக்குள் காபி குடித்திருந்தாலும் கூடுதலாகக் காட்டும். ஒரு நிமிட இடைவெளியில் இரண்டு முறை பார்த்து இரண்டையும் எழுதுங்கள்.

சர்க்கரை பார்க்க விரலை சோப்புப் போட்டுக் கழுவித் துடைத்தபின் குத்துங்கள். கிருஷ்ணகிரியில் மாம்பழ சீசனில் இது சிரிப்பான விஷயமல்ல. மாம்பழம் தொட்ட விரலில் குத்தினால் 160 இருப்பவருக்கு 300 காட்டும். அதை நம்பி இன்சுலினைக் கூட்டினால் இரவில் மயங்கிவிடுவார். விரல் நுனியில் குத்தாமல் பக்கவாட்டில் குத்துங்கள், வலி குறைவு. குத்திய ஊசியைக் கெட்டி பிளாஸ்டிக் டப்பாவில் போட்டு மூடுங்கள்.

வியர்வை, நடுக்கம், திடீர் கோபம், உளறல் இருந்து சர்க்கரை 70-க்குக் கீழே என்றால், மூன்று நான்கு தேக்கரண்டி குளுக்கோஸ் பவுடரைத் தண்ணீரில் கரைத்துக் கொடுங்கள். பதினைந்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், ஏறாவிட்டால் இன்னொரு முறை கொடுங்கள். ஏறியபின் இட்லியோ பிஸ்கட்டோ தாருங்கள். வோக்ளிபோஸ் என்ற சர்க்கரை நோய் மாத்திரை எடுப்பவருக்குச் சாதாரண சர்க்கரை மெதுவாகத்தான் ஏறும், அதனால் வீட்டில் குளுக்கோஸ் பாக்கெட் ஒன்று எப்போதும் இருக்கட்டும். நினைவு இல்லாதவர் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். பக்கவாட்டில் படுக்கவைத்து 108-ஐக் கூப்பிடுங்கள்.

தோல்

படுத்தே இருப்பவரை இரண்டு மணிக்கு ஒருமுறை திருப்ப வேண்டும். நாற்காலியில் இருப்பவர் அரை மணிக்கு ஒருமுறையாவது எடையை மாற்ற வேண்டும். தினம் குளிக்கும்போது வால் எலும்பு, இடுப்பு, குதிகால், முழங்கையைப் பாருங்கள். சிவந்த இடத்தை விரலால் அழுத்தி எடுங்கள். வெளுத்து மறுபடி சிவந்தால் பரவாயில்லை, வெளுக்கவே இல்லை என்றால் புண் தொடங்கிவிட்டது. மாநிறத் தோலில் சிவப்பு தெரியாது. சுற்றியுள்ள இடத்தைவிடச் சூடாகவோ கெட்டியாகவோ இருக்கிறதா என்று தொட்டுப் பாருங்கள். அந்த இடத்தில் எண்ணெய் விட்டுத் தேய்க்காதீர்கள், உள்ளே இருக்கும் சதை நைந்துவிடும். வளையம்போல் காற்றடித்த தலையணையும் கூடாது. நடுவிலுள்ள சதைக்கு ரத்தம் போவதை அது சுற்றிவளைத்துத் தடுக்கிறது. கெண்டைக்காலின் கீழே தலையணை வைத்து, குதிகால் அந்தரத்தில் இருக்கும்படி விடுங்கள்.

மூத்திரக் குழாயும் அதற்கான பையும் மாட்டியிருப்பவருக்கு: பை எப்போதும் இடுப்புக்குக் கீழே இருக்க வேண்டும், ஆனால் தரையைத் தொடக் கூடாது. மூன்றில் இரண்டு பங்கு நிறைந்தால் காலி செய்யுங்கள். தண்ணீர் குடித்தும் நான்கு மணி நேரம் பையில் சொட்டு இல்லையென்றால், குழாய் மடங்கியிருக்கிறதா என்று பாருங்கள். மடங்கவில்லை என்றால் நர்சைக் கூப்பிடுங்கள்.

நடை, விழுதல், அவசரம்

கைத்தடி நல்ல பக்கத்துக் கையில். எல்லோரும் சோர்ந்த பக்கம் கொடுப்பார்கள், தப்பு. நின்றபடி கையைத் தொங்கவிட்டால் தடியின் பிடி மணிக்கட்டு ரேகைக்கு வர வேண்டும். நீங்கள் சோர்ந்த பக்கம், அரை அடி பின்னால் நடங்கள். படி ஏறும்போது நல்ல கால் முதலில், இறங்கும்போது சோர்ந்த கால் முதலில்.

விழுந்துவிட்டால் ஓடிப்போய்த் தூக்காதீர்கள். முதலில் கேளுங்கள், பாருங்கள். ஒரு கால் குட்டையாகிப் பாதம் வெளிப்பக்கம் திரும்பியிருந்தால் இடுப்பு எலும்பு முறிந்திருக்கும், அசைக்காமல் 108. ரத்தம் உறையாத மாத்திரை எடுப்பவர் தலையில் அடிபட்டால், நன்றாகப் பேசிக்கொண்டிருந்தாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஒன்றும் இல்லையென்றால் ஒருக்களித்து, முட்டி போட்டு, முன்னால் வைத்த நாற்காலியைப் பிடித்து அவரே எழட்டும். நீங்கள் இன்னொரு நாற்காலியைப் பின்னால் கொண்டுவந்தால் போதும்.

வாய் கோணுவது, ஒரு கை இறங்கிப்போவது, பேச்சு குழறுவது: இவை பக்கவாத அறிகுறிகள், இதில் ஒன்று வந்தாலும் மணியைப் பாருங்கள். கடைசியாக எப்போது நன்றாக இருந்தார் என்பதுதான் டாக்டர் கேட்கும் முதல் கேள்வி. ரத்தக் கட்டியைக் கரைக்கும் ஊசி நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டியது. அஞ்செட்டிப் பக்கமோ சித்தேரி மலையிலோ இருந்து கீழே இறங்கவே நேரம் போய்விடும், அதனால் மகனுக்குப் போன் போட்டுக் கேட்டுவிட்டுக் கூப்பிடலாம் என்று இருக்காதீர்கள். முதலில் 108, பிறகு மகன்.

மறதி நோய் உள்ளவரிடம் வாதாடாதீர்கள். இறந்துபோன அண்ணனைத் தேடுபவரிடம் "அவர்தான் செத்துட்டாரே" என்று தினமும் சொன்னால் தினமும் இழவுதான். "அண்ணன் எப்படி இருப்பாரு?" என்று கேட்டுப் பேச்சைத் திருப்புங்கள். ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பக்கம் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுபவர்கள் நிறைய. மறதி முற்றினால் பிற்பாடு கற்ற மொழி போய்த் தாய்மொழி மட்டும் நிற்பது உண்டு. தண்ணீர், வலி, கழிப்பறை, பசி என்று ஒரு இருபது சொல்லையாவது அவர் மொழியில் கற்றுக்கொண்டு போங்கள்.

பணம், நகை, நோட்டு

ஏ.டி.எம். அட்டையையும் ரகசிய எண்ணையும் வாங்கி வைத்துக்கொள்ளாதீர்கள். முதியோர் ஓய்வூதியம் வாங்க அவரை அழைத்துப் போங்கள், எண்ணி அவரே வாங்கட்டும். கடைக்குப் போனால் ரசீதோடு நோட்டில் எழுதுங்கள். சேரும் அன்றே காதில், கழுத்தில் என்ன நகை என்று பிள்ளைகள் முன்னிலையில் எழுதிக் கையெழுத்து வாங்குங்கள். இது அவர்களைவிட உங்களுக்குத்தான் காப்பு. நிலப் பத்திரத்திலோ உயிலிலோ சாட்சிக் கையெழுத்துக் கேட்டால் மறுத்துவிடுங்கள். பெரியவரை யாராவது அடிப்பதோ பட்டினி போடுவதோ தெரிந்தால் முதியோர் உதவி எண் 14567.

உங்களுக்கான பேச்சையும் முதலிலேயே முடித்துவிடுங்கள்: எத்தனை மணி நேரம், இரவில் எத்தனை முறை எழ வேண்டும், வார விடுமுறை எந்த நாள், சம்பளம் எந்தத் தேதி, மற்றவர்களுக்குச் சமைப்பது, மாடு பார்ப்பது உங்கள் வேலையா இல்லையா. தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து. இருபத்துநாலு மணி நேர வேலை என்று பேசினால், தொடர்ச்சியாகத் தூங்கும் நேரம் எது என்றும் எழுதுங்கள். வீட்டுப் பணியாளர் நல வாரியத்தில் தொழிலாளர் துறை அலுவலகம் வழியாகப் பதிந்துகொள்ளுங்கள். வீட்டில் யாராவது தவறாக நடந்தால் பெண்கள் உதவி எண் 181. பாலியல் தொல்லைப் புகாரை விசாரிக்கும் மாவட்ட உள்ளூர் புகார் குழு வீட்டு வேலை செய்யும் பெண்களுக்கும் உண்டு.

தினக் குறிப்பு நோட்டில் கதை வேண்டாம். சாப்பிட்டது, குடித்தது, மலம் போனது, மாத்திரை, அளவுகள், தோல், மனநிலை. கூடவே ஒரு வரி: இன்று அவர் தானாகச் செய்தது என்ன. பெங்களூரில் இருக்கும் மகளுக்கு வாட்ஸ்அப்பில் நோட்டுப் பக்கத்தின் படத்தை அனுப்புங்கள், பெரியவர் குளிக்கும் படத்தையோ புண்ணின் படத்தையோ அவரைக் கேட்காமல் அனுப்பாதீர்கள்.

மாதம் ஒருமுறை அந்த ஒற்றை வரிகளை மட்டும் படித்துப் பாருங்கள். கூடிக்கொண்டே வந்தால் உங்கள் நேரத்தைக் குறைக்கலாம் என்று நீங்களே குடும்பத்திடம் சொல்லுங்கள். பகல் முழுக்க இருந்தவர் காலை மட்டும் வந்துபோகலாம், மிச்ச நேரத்தில் இன்னொரு வீடு கிடைக்கும். வேலையை விடும்போது புதிதாக வருபவரோடு மூன்று நாளாவது கூட இருந்து தூக்கும் முறையைக் காட்டிக் கொடுங்கள். நோட்டு அந்த வீட்டிலேயே இருக்கட்டும். வீட்டுச் சாவியை யாரிடம் வாங்கினீர்களோ அவரிடமே கொடுத்து, தேதி போட்டுக் கடைசிப் பக்கத்தில் கையெழுத்து வாங்கிக்கொண்டு கிளம்புங்கள்.